எந்தக் கட்டத்திலும் சேராதது

மின்னசோட்டாவின் வடகோடியில்
இரும்புச் சுரங்கங்களுக்கு நடுவே ஒரு சிறு கல்லூரி.
அதன் பதிவாளர் அலுவலகத்தில்
மூன்றாவது ஜன்னல் என்னுடையது.

என் வேலை கட்டம் பார்ப்பது.
பட்டம் கேட்டு வருகிறவர் பெயரைத் தட்டினால்
திரையில் பத்துக் கட்டங்கள் விரியும்.
எழுத்து, கணக்கு, வரலாறு, கலை,
ஆய்வகத்தோடு ஓர் அறிவியல்,
சொந்த மொழியல்லாத இன்னொரு மொழி,
இப்படி.
முடித்தது பச்சை. முடிக்காதது சிவப்பு.
ஒன்றே ஒன்று சிவந்திருந்தாலும்
வாடகைக்கு எடுத்த தொப்பியும் அங்கியும்
கடைக்குத் திரும்பிப் போகும்.

கலைக் கட்டத்தைச் சிலர் களிமண்ணால் அடைப்பார்கள்.
ஒருவன் சினிமா ரசனை வகுப்பில்
பதினைந்து வாரமும் தூங்கியே பச்சையானான்.

மார்லிஸ் ஸ்கூபிக் வந்தது ஜனவரியில்.
கணக்கியல். ஒன்பது பச்சை.
டுலூத்தில் ஒரு தணிக்கை நிறுவனத்தில்
வேலைகூட உறுதியாகிவிட்டது.
மிச்சம் அந்த அறிவியல்.
அவள் நேரத்துக்கு ஒத்து வந்தது ஒரே வகுப்பு:
நிலவியல் அறிமுகம்,
செவ்வாய் மாலை, ஆறு முதல் ஒன்பது வரை.

"கல்லா?" என்றாள்.
"எங்கள் வீட்டுக் கொடியில் வெள்ளைத் துணி போட்டால்
சாயங்காலத்துக்குள் சிவந்துவிடும்.
அப்பா பூட்ஸைக் கழற்றினால்
வாசலில் ஒரு குட்டிக் குன்று.
கல்லைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித் தர?
வரவு செலவு எழுதப் போகிறவளுக்கு
இது எந்தப் பக்கத்தில் வரும்?"

நியாயம்தான்.
நான் நியாயம் பார்க்கிற ஜன்னலில் இல்லை.
விலக்குக் கோரும் படிவத்தை நீட்டினேன்.
நாலு பக்கம் நுணுக்கி நுணுக்கி எழுதினாள்:
"இருபத்தோராயிரம் டாலர் கடனில் நிற்கும் என்னிடம்
கூழாங்கல்லுக்கும் காசு கேட்கிறீர்கள்..."
எழுத்துக் கட்டம் அவளுக்கு ஏன் பச்சை என்று
அப்போது புரிந்தது.
பதினோரு நாள் கழித்துக்
குழு ஒரே வரியில் மறுத்தது.

பிறகு அவளைப் பார்த்தது மார்ச்சில்.
நெடுஞ்சாலைக்காகக் குன்றை வெட்டிய இடத்தில்
பதினைந்து பேர் மூக்குச் சிவக்க நின்றிருந்தார்கள்.
குளிர் பூஜ்யத்துக்கும் கீழே.
காரை மெதுவாக்கினேன்.
மற்றவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருக்க
அவள் கையுறையைக் கழற்றியிருந்தாள்.
பாறையின் பட்டைகள் மீது விரலை வைத்து
கீழிருந்து மேலாக
ஒவ்வொரு வரியாய்
எதையோ கூட்டிக்கொண்டிருந்தாள்.
பின்னால் லாரி ஹாரன் அடித்தது. நகர்ந்துவிட்டேன்.

மதிப்பெண் வந்தது: சி மைனஸ்.
பச்சை பச்சைதான்.
கட்டத்துக்கு ஆழம் கிடையாது.

மே மாதம் ஜன்னலுக்கு வந்தாள்.
"வகுப்பு படுமோசம்.
அந்த டார்கெல்சன் பலகையிடம்தான் பேசுகிறார்."
போகவில்லை. மேசை விளிம்பைச் சுரண்டினாள்.
"இரண்டாம் பகுதி கோடையில் உண்டாமே,
அது எந்தக் கட்டத்தில் சேரும்?"
"எதிலும் சேராது. பணம் மட்டும் போகும்."
"தெரியும்," என்றாள். "போடுங்கள்."

அன்று மதியம் சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டு
என் பெயரைத் தட்டினேன். லோர்னா ஹௌக்கலா.
முப்பத்தோரு வருடப் பழைய பதிவு,
யாரும் அழிக்கவில்லை.
ஒன்பது பச்சை.
இன்னொரு மொழி என்ற கட்டம் மட்டும்
இன்னும் சிவந்தபடி.
வீட்டில் அப்பா ஃபின்னிஷில்தான் திட்டுவார்.
வசவுக்கு கிரெடிட் இல்லை என்றார்கள் அப்போது.
கோபத்தில் படியிறங்கியவள்
இந்த மூன்றாவது ஜன்னல் வரைதான் போனேன்.

மணி ஒன்று.
வெளியே ஒரு பையன், கையில் வெற்றுப் படிவம்.
இயந்திரப் பொறியியலுக்கும் நடனத்துக்கும்
என்ன சம்பந்தம் என்று கேட்பான்.
கேட்கட்டும்.
நாலு பக்கம் எழுதட்டும்.